கைது இல்லை, ஆனால் போகக் கூடாது

சிந்துஜாவின் நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் சிதம்பரத்திலிருந்து காலையிலேயே கிளம்பிவிட்டார்கள். மதியம் ஒரு மணியாகியும் கடலூர் வந்து சேரவில்லை. வரப்போவதும் இல்லை என்று அதற்குப் பிறகுதான் தெரிந்தது. போலீஸ் அவர்களை வேனோடு மடக்கி, சிதம்பரத்திலேயே ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்து வைத்திருந்தது.

செய்தியைச் சொன்னது மாப்பிள்ளை சிலம்பரசன். போனை எடுத்தது செல்வன்.

செல்வனின் முழுப் பெயர் செந்தமிழ்செல்வன். அந்த வீட்டின் மூத்த மருமகன். மூத்த மகள் வெண்மதி டெங்குவில் போய் இரண்டு வருடம் ஆகிறது. மகள் போனாள், மருமகன் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் மஞ்சக்குப்பத்தில் மாமனார் வீட்டுக்கு வருவான். சாப்பிடுவான். மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றிவிட்டுப் போவான். இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. பேச்சு எப்போதும் குறைவு. இரண்டு வருடமாக அந்தக் குறைவிலும் பாதிதான்.

"மண்டபத்துல என்னா பண்றீங்க?" என்று கேட்டான்.

"தெரியலண்ணா. லெமன் சாதம் குடுத்தாங்க. சாப்புட்டுட்டு உக்காந்திருக்கோம்."

"எதுக்குப் புடிச்சாங்க?"

"துண்டுக்கு."

விஷயம் இதுதான். கார்த்திகை மாதம். சிலம்பரசனைத் தவிர அந்த வேனில் வந்த ஆண்கள் அத்தனை பேரும் சபரிமலைக்கு மாலை போட்டவர்கள். கருப்பு வேட்டி, கருப்புத் துண்டு. விடியற்காலையில் தலைக்குக் குளித்த ஈரத் துண்டுகளை வேன் ஜன்னலில் கட்டிக் காயப்போட்டிருந்தார்கள். அன்றைக்கென்று பார்த்து ஊருக்கு ஓர் அமைச்சர் வருகிறார். அவருக்குக் கருப்புக் கொடி காட்டப்போவதாக விவசாயிகள் அறிவித்திருந்தார்கள். கருப்பாக எது வந்தாலும் விடாதே என்று பைபாஸில் நின்ற போலீசுக்கு உத்தரவு. நாலு பக்கமும் கருப்புத் துணி படபடக்க ஒரு வேன் வந்தால் அவர்கள்தான் என்ன செய்வார்கள்?

"துண்டுன்னு அப்பா சொன்னாருண்ணா. துண்டுக்கும் கொடிக்கும் என்னா வித்தியாசம்னு இன்ஸ்பெக்டர் கேட்டாரு. அப்பாவுக்குச் சட்டுனு பதில் வரல."

செல்வன் போனைப் பொத்திக்கொண்டு மாமனாரிடம் சொன்னான். காத்தவராயன் அரசு பஸ்ஸில் முப்பது வருடம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கேட்டதும் தோளில் இருந்த அங்கவஸ்திரத்தை எடுத்து நாற்காலியில் போட்டார்.

"போலீஸ் கேஸ் இருக்குற வூட்டுல நான் பொண்ணு குடுக்க மாட்டன்."

குரல் துக்கமாகத்தான் இருந்தது. ஆனால் முகத்தின் ஓர் ஓரத்தில் விளக்கு எரிந்ததைச் செல்வன் பார்த்துவிட்டான். அந்த விளக்கைப் பார்த்துத்தான் அவனுக்குப் பகீரென்றது.

வெண்மதியின் கருமாதி முடிந்த கையோடு அந்த வீட்டில் ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. மூத்தவள் போன வீட்டில் இளையவள் விளக்கேற்றட்டும். வெளியே தேடுவானேன், தங்கமான பிள்ளை கையிலேயே இருக்கிறானே. சிந்துஜா மாட்டேன் என்றாள். செல்வன் வேண்டாம் என்றான். சிந்துஜா சொன்னதைத் திமிர் என்றும், செல்வன் சொன்னதைக் கூச்சம் என்றும் காத்தவராயன் எடுத்துக்கொண்டார். பிறகு சிந்துஜா, சிதம்பரத்தில் லேப் டெக்னீசியனாக இருக்கும் சிலம்பரசன் பெயரைச் சொன்னாள். வீட்டில் பல மாதம் புயல் அடித்தது. கடைசியில் இறங்கி வந்தவர் ஒரு நிபந்தனை போட்டார். மார்கழி பிறப்பதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும். "மார்கழியில ஒண்ணும் பண்ண முடியாது. தைக்குள்ள மனசு என்னென்னவோ மாறலாம்" என்று சொல்லி, செல்வனைப் பார்த்தார்.

இன்று கார்த்திகையின் கடைசி ஞாயிறு. நல்ல நேரம் மூன்றரையிலிருந்து நாலரை. அதற்கு மேல் ராகு காலம். ஆறு மணிக்கு அஷ்டமி பிறக்கிறது. நாலரைக்குள் தட்டு மாறாவிட்டால் அடுத்து யார் தலையில் யாரைக் கட்டுவார்கள் என்று செல்வனுக்குத் தெரியும்.

பாதி பின்னிய சடையோடு சிந்துஜா வெளியே வந்தாள். பட்டுப் புடவை. கடலூர் கோர்ட்டில் அவள் ஜூனியர் வக்கீல்.

"மாமா, கேஸ் போட்டாங்களான்னு கேளுங்க."

செல்வன் கேட்டான். பேர்கூட எழுதவில்லை என்றான் சிலம்பரசன்.

"அப்ப கைது இல்லப்பா" என்றாள் சிந்துஜா.

"போலீஸ் புடிச்சா கைதுதான். நான் கண்டக்டர்மா. டிக்கெட் குடுத்தாலும் குடுக்கலன்னாலும் பஸ்ல ஏறினவன் பயணிதான்."

"காசு வாங்கிட்டு டிக்கெட் கிழிக்கலன்னா தப்பு யாருதுப்பா? பயணியோடதா, கண்டக்டரோடதா?"

  இது காத்தவராயனின் சொந்த ரூட்டில் வந்து அவரையே மடக்கிய கேள்வி.

"நேர்ல போயி கேப்போம்" என்றாள். "கைதுன்னு அவுங்க சொன்னா நானே திரும்பி வந்துடறேன். கைது இல்லன்னு சொன்னா அங்கயே தட்டு மாத்திக்கலாம்."

காத்தவராயன் யோசித்தார். எந்தப் போலீஸ்காரன் பிடித்துவைத்துவிட்டுக் கைது இல்லை என்பான்? ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டதோடு இன்னொன்றும் சொன்னார். "ஆனா நீ வண்டிய வுட்டு எறங்கக் கூடாது. தட்டு மாத்துற வரைக்கும் மாப்புள வூட்டாரு முன்னாடி வாயத் தொறக்கக் கூடாது. பொண்ணு போலீஸோட மல்லுக்கு நின்னான்னு நாளைக்கு எவனும் பேசக் கூடாது."

"பேச மாட்டேன்" என்றாள் சிந்துஜா. செல்வனின் ப்ளூடூத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். "மாமா பேசுவாரு."

தட்டுகள், பழம், பூ, புடவை, ஜாங்கிரி டப்பாக்களோடு மாமியார் புஷ்பவள்ளி, இரண்டு அத்தைகள், சிந்துஜா எல்லாரும் ஒரு வேனில் ஏறினார்கள். செல்வன் ஓட்டினான். பக்கத்தில் காத்தவராயன். வண்டி எதுவாக இருந்தாலும் அந்த ரோட்டில் அவருக்கு வாய் சும்மா இருக்காது. "காரைக்காடு... ஆலப்பாக்கம்... ஆலப்பாக்கம் எறங்குறவங்க" என்றார். யாரும் இறங்கவில்லை.

புதுச்சத்திரம் தாண்டியதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"செல்வா, இவளையும் கட்டிக் குடுத்துட்டா நீ எங்க வூட்டுக்கு எதுக்குடா வரப்போற?"

செல்வன் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தண்ணி ஏத்த வருவேன் மாமா."

காத்தவராயன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "பி.முட்லூர்" என்று அதற்குப் பிறகு அவர் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை.

மண்டபத்தை அவர்கள் அடைந்தபோது மூன்றரை ஆகியிருந்தது. வாசல் வளைவில் தெர்மகோலில் 'நல்வரவு'. கீழே இரும்பு கேட்டுக்குப் பூட்டு. பூட்டுக்கு முன்னால் நாலு போலீஸ். வெளியூரிலிருந்து பந்தோபஸ்துக்கு வந்த ஓர் இன்ஸ்பெக்டர், முந்தின நாள் கல்யாணத்தில் மிச்சமான மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சிவப்பு வெல்வெட், தங்கக் கைப்பிடி. மண்டபத்தில் வேறு நல்ல நாற்காலி இல்லை.

உள்ளே ஒரு பக்கம் சாமிகள் சரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு பக்கம் விவசாயிகள் கோஷம் போட்டார்கள். ஒருவர் நிறுத்தியதும் மற்றவர் ஆரம்பிக்க வேண்டும் என்று அதற்குள் ஓர் ஏற்பாடு ஆகியிருந்தது.

செல்வன் வேனை நிழலில் நிறுத்தி, ப்ளூடூத்தைக் காதில் மாட்டினான். பின் சீட்டில் திரைக்குள் இருந்து சிந்துஜா போன் போட்டாள். "கேக்குதா மாமா?"

அவனுக்கு ஒரு கணம் கால் நின்றது. நேரில் அக்கா குரல் வேறு, தங்கை குரல் வேறு. போனில் இரண்டும் ஒன்று. பெற்ற தாயே ஏமாந்திருக்கிறாள். இரண்டு வருடமாக அவன் சிந்துஜாவின் போனை எடுத்ததே இல்லை. மெசேஜ் போடு என்பான்.

"கேக்குது" என்றான். நடந்தான். காத்தவராயன் பின்னாலேயே வந்தார்.

"யாரு நீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பொண்ணு வீடு."

"எந்தப் பொண்ணு?"

"உள்ள மாப்பிள்ளை இருக்காரு. சிலம்பரசன். இவுங்களக் கைது பண்ணிருக்கீங்களா சார்?"

"சேச்சே!" இன்ஸ்பெக்டர் கையை விரித்தார். "கைதெல்லாம் இல்லப்பா. சும்மா வச்சிருக்கோம்."

காத்தவராயனின் முகத்தில் இருந்த விளக்கு அணைந்தது.

காதில் வந்ததைச் செல்வன் சொன்னான். "சும்மான்னா?"

"ஒரு பாதுகாப்புக்கு."

"யாருக்குப் பாதுகாப்பு?"

"அவுங்களுக்குத்தான்."

"யாருகிட்டேர்ந்து?"

இன்ஸ்பெக்டர் யோசித்தார். "பொதுவா" என்றார்.

"சரி சார். கைது இல்லன்னா நாங்க கூட்டிட்டுப் போறோம்."

"அதெப்படி? மந்திரி போற வரைக்கும் ஒருத்தரும் போகக் கூடாது. ஆறு மணிக்கு நாங்களே விட்டுருவோம். டீ, பிஸ்கட் எல்லாம் உண்டு."

"அப்ப கைதா?"

"கைது இல்லன்னு சொன்னேன்ல?"

"அப்ப போலாமா?"

"போகக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

கேட்டுக்கு உள்ளே இருந்து ஒருவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அறுபது வயது, பச்சைத் துண்டு, கழுத்தில் ஜெபமாலை. விவசாயிகளைக் கூட்டிவந்தவர். பெயர் மரியலூர்து. இப்படி அடைபடுவதில் பழம் தின்று கொட்டை போட்டவர். "தம்பி, நீ நடத்து. போன வாட்டி வடலூர்ல வச்சிருந்தப்ப இதையே நான் கேட்டன். பதிலா வடை குடுத்தாங்க. இங்க அதுகூட இல்ல."

"நீங்க பேசாம இருங்கய்யா" என்றார் இன்ஸ்பெக்டர்.

காதில் குரல் வேகமெடுத்தது. செல்வன் அதே வேகத்தில், ஆனால் உப்புச்சப்பில்லாமல் சொல்லிக்கொண்டே போனான்.

"சார், கைது, கைது இல்ல, ரெண்டுல ஒண்ணுதான். மூணாவதா ஒண்ணு சட்டத்துல இல்ல. கைதுன்னா என்ன காரணம்னு அவுங்களுக்குச் சொல்லணும், எழுதிக் குடுக்கணும். வீட்டுக்குத் தகவல் சொல்லணும். இது உங்க இஷ்டம் இல்ல, அரசியல் சாசனம். கைது இல்லன்னா கதவைத் தொறக்கணும். ரெண்டும் இல்லாம பூட்டி வச்சா, பூட்டினவங்க மேலதான் கேஸ் வரும். பயப்படாதீங்க. பதறாம மெதுவா சொல்லுங்க."

கடைசி இரண்டும் சிந்துஜா அவனுக்காகச் சொன்னவை. அவன் அதையும் சேர்த்தே சொல்லிவிட்டான். வெண்மதி இருந்த காலத்தில் அந்தக் குரல் அதே சொற்களில் அவனிடம் பலமுறை சொல்லியிருக்கிறது. வாய் தானாக வாங்கிக்கொண்டுவிட்டது.

"நான் எதுக்குய்யா பயப்படணும்?" என்றார் இன்ஸ்பெக்டர். சொன்ன பிறகுதான் அவருக்குப் பயம் வந்தது.

அவர் சர்வீஸில் கத்துகிறவனைப் பார்த்திருக்கிறார், காலில் விழுகிறவனைப் பார்த்திருக்கிறார். இந்த ஆள் இரண்டும் செய்யவில்லை. கோபம் இல்லை. கெஞ்சல் இல்லை. முகத்தில் ஈ உட்கார்ந்தால்கூட ஓட்டமாட்டான் போலிருந்தது. காதில் வேறு ஏதோ மாட்டியிருக்கிறான். யாரோ மேலிடம் பேசுகிறது.

"சார் எந்த டிபார்ட்மென்ட்?" இப்போது அவன் 'சார்' ஆகியிருந்தான்.

"இன்சூரன்ஸ்."

இன்ஸ்பெக்டருக்கு இன்னும் குழம்பியது. போனை எடுத்துக்கொண்டு வாழைமரத்துப் பக்கம் போனார். அவருடைய மேலதிகாரியிடம் பேசினார். "ஆமாங்கய்யா... இல்லங்கய்யா... காரணம் கேக்குறாங்கய்யா." திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"காரணந்தானே? எழுதிக் குடுத்துட்டா போச்சு. ரைட்டரைக் கூப்புடு."

ஸ்டேஷனில் கேஸ் எழுதும் ரைட்டர் வந்தார். காக்கி உடுப்பு, வெறுங்கால், தாடி, கழுத்தில் துளசி மாலை. அவரும் மாலை போட்டவர். மாலை போட்டவருக்குப் பெயர் கிடையாது. இன்ஸ்பெக்டரே அவரைச் சாமி என்றுதான் கூப்பிட்டாக வேண்டும்.

"எழுதுங்க சாமி. 'மேற்படி நபர்கள், கருப்பு நிறத் துணிகளை வைத்துக்கொண்டு, பொது அமைதிக்குப் பங்கம் விளைவிக்கும் நோக்கத்தோடு...'"

ரைட்டரின் பேனா 'கருப்பு' வரை வந்து நின்றது.

"ஐயா, கருப்புத் துணின்னா அந்தச் சாமிங்க துண்டா?"

"ஆமா."

"என் பைக்ல காயுறதும் அதுதாங்கய்யா."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மண்டபத்துச் சுவரோரம் ஒரு பைக். அதன் ஹேண்டில்பாரில் கருப்புத் துண்டு நன்றாகவே பறந்துகொண்டிருந்தது.

"உங்களை யாரும் புடிக்கல சாமி. நீங்க எழுதுங்க."

"அதாங்கய்யா கேக்குறன். இவுங்கள ஏன் புடிச்சோம்னு எழுதிட்டா, என்னை ஏன் புடிக்கலன்னு கீழ எழுதணுமே. நாளைக்குக் கோர்ட்டுல கேட்டா கையெழுத்து என்னுது."

"பொது அமைதிக்குப் பங்கம்னு இருக்குல்ல?"

"சரணம் போட்டுட்டு இருந்தவங்கள வச்சு அத எழுதுனா சாமி குத்தம் ஆவுங்கய்யா. விரதத்துல பொய் சொல்லக் கூடாதுன்னு குருசாமி சொல்லிருக்காரு. எழுதவும் கூடாதுன்னுதான் அர்த்தம்."

"விரதம் இல்லாத ரைட்டர் யாராச்சும் இருக்காங்களாய்யா?"

"ஒருத்தரு இருக்காரு. மந்திரி கூடப் போயிருக்காரு."

உள்ளே இருந்து மரியலூர்து சொன்னார்: "ஐயா, சாமிங்க காரணம் கெடக்கட்டும். எங்களுக்கு எழுதுங்க. நாங்க கொடி காட்டத்தான் வந்தோம். மறுக்கல. மந்திரி ஹெலிகாப்டர்ல எறங்கணும்னு எங்க வடிகால் வாய்க்கால மண்ணு போட்டு மூடுனாங்க. அவரு காருல வந்துட்டாரு. தண்ணி மட்டும் எங்க வயலுல எறங்கி நிக்குது. நெல்லு முங்கிப் போச்சு. இத ஒரு துணியக் காட்டிச் சொல்றது எந்தச் சட்டத்துல குத்தம்? அந்த நம்பரையும் சேத்து எழுதுங்க."

"அது..." என்றார் இன்ஸ்பெக்டர்.

"தெரியலன்னா தெரியலன்னே எழுதுங்க. நாங்க வாங்கிக்கிறோம்."

மணி நாலு தாண்டிவிட்டது. காதில் சிந்துஜாவின் குரல் முதல்முறையாக உடைந்தது. "மாமா, நேரம் போவுது மாமா." இதைச் செல்வன் திருப்பிச் சொல்லவில்லை.  சட்டம் தீர்ந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் எழுதவும் முடியாமல் திறக்கவும் முடியாமல் வெல்வெட் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார். அப்படியே இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தால் போதும். காத்தவராயன் நினைத்தது நடந்துவிடும்.

காத்தவராயனுக்கும் அது தெரியும். அவர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். பூட்டைப் பார்த்தார். கையில் இல்லாத டிக்கெட் கட்டுகளை விரல்கள் தேடின. வேர்த்தது. கடைசியில் முன்னால் வந்துவிட்டார்.

"ஐயா, நான் கண்டக்டரு. ரிட்டயர்டு. ஒண்ணு கேக்குறன், தப்பா நெனைக்கக் கூடாது. ஆளுங்கள ஏத்துனது யாரு?"

"நாங்கதான்."

"டிக்கெட் குடுத்தீங்களா?"

"என்னா டிக்கெட்?"

"அந்தக் காகிதந்தான். குடுக்கல. எங்க போவுதுன்னு சொன்னீங்களா? சொல்லல. இப்ப எறங்கவும் வுட மாட்டங்குறீங்க. முப்பது வருஷத்துல இப்படி ஒரு ரூட்டு நான் பாத்ததில்ல. டிக்கெட் கிழிக்காம ஆளை வச்சிருந்தா செக்கிங் வர்றப்ப பயணிய எறக்க மாட்டாங்க. கண்டக்டரத்தான் எறக்குவாங்க. என்னை ஆலப்பாக்கத்துல எறக்கி வுட்டாங்க. ஒரே ஒரு தடவை. அந்த வெயில்ல நின்னவனுக்குத்தான் தெரியும்." மூச்சு வாங்கினார். "உங்களுக்கும் செக்கிங் உண்டு. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்க மேலதிகாரி போன்ல சொன்னதுக்குச் சாட்சி கெடையாது. பூட்டுச் சாவி உங்க கையில இருக்குது."

இன்ஸ்பெக்டர் தன் கையைப் பார்த்தார். இருந்தது.

செல்வன் மாமனாரைப் பார்த்தான். "என்னாடா பாக்குற?" என்றார் அவர் கடுகடுவென்று. "நாயம்னு ஒண்ணு இருக்குல்ல."

இன்ஸ்பெக்டர் எழுந்தார். தொப்பியைச் சரிசெய்தார். சாவியை ரைட்டரிடம் கொடுத்தார்.

"தொறங்க சாமி. யாரும் கைது இல்ல. போறவங்க போலாம்."

கேட் திறந்தது. யாரும் போகவில்லை.

கடலூருக்குத் திரும்ப நேரம் இல்லை. மேடை இருந்தது, விளக்கு இருந்தது, முந்தின நாள் கல்யாணத்தின் பூ அலங்காரம் பாதி வாடாமல் இருந்தது. பின்னால் வேறு யாரோ ஒரு ஜோடியின் பெயர் தெர்மகோலில். புஷ்பவள்ளி தட்டுகளோடு உள்ளே ஓடினாள். சிந்துஜா வேனை விட்டு இறங்கி, தலை குனிந்து, நல்ல பெண்ணாக நடந்து வந்தாள். காதில் மட்டும் அவளுடைய ப்ளூடூத். அதை இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டார்.

"அம்மா என்னா வேல பண்றீங்க?"

"அட்வகேட் சார். இன்னிக்கு லீவு."

விவசாயிகள் சத்தம் போட்டு நாற்காலிகளை வரிசையாகப் போட்டார்கள். "மந்திரி எத்தன மணிக்குப் போறாரு?" என்று மரியலூர்து கேட்டார். ஐந்து ஆகும் என்றார் ஒரு போலீஸ்காரர். "அப்ப நேரம் இருக்கு. தட்டு மாத்தி முடிக்கட்டும். எங்க கொடியக் குடுங்க." கொடிகளைப் பறிமுதல் செய்ததாகவும் எங்கும் எழுதவில்லை. ஆகவே அவையும் பறிமுதல் ஆகவில்லை. கொண்டுவந்து கொடுத்தார்கள். இரண்டு கொடி குறைந்தது. மரியலூர்து மாப்பிள்ளையின் அப்பாவிடம் துண்டு கடன் கேட்டார். "மன்னிச்சுக்குங்க" என்றார் அவர். "கொடி இல்ல, துண்டுன்னு இப்பத்தான் நிரூபிச்சிருக்கோம்."

லக்னப் பத்திரிகை எழுத ஆள் வேண்டியிருந்தது. ரைட்டர் சாமி பேனாவும் தாளுமாகச் சும்மா நின்றுகொண்டிருந்தார். 'கருப்பு' வரை எழுதிய தாளைக் கிழித்துவிட்டு, புதுத் தாளில், கிடுகிடுவென்று எழுதினார். எழுந்து நின்று வாசித்தார். "மேற்படி காத்தவராயன் அவர்களின் இளைய குமாரத்தி மேற்படி சிந்துஜாவை..." 'மேற்படி' கை வழக்கம். யாரும் ஆட்சேபிக்கவில்லை. சாட்சிக் கையெழுத்து இன்ஸ்பெக்டர் போட்டார். அன்றைக்கு அவர் எழுத்தில் கொடுத்தது அது ஒன்றுதான்.

தட்டைக் கொடுக்கும் நேரம் வந்தது. "செல்வா, வாடா, இந்தப் பக்கம் புடி" என்றார் காத்தவராயன்.

மாப்பிள்ளையின் அத்தை செல்லாயி கையை நீட்டித் தடுத்தாள். "இருங்க. அந்தத் தம்பி சம்சாரம் எங்க? ஜோடியா வரட்டும்."

"எம் மூத்த பொண்ணு. தவறிட்டா."

செல்லாயியின் கை கொஞ்சம் பின்வாங்கியது. "அப்ப... நல்ல காரியம். வேற யாராவது..."

"இவன் எங்க வூட்டு மூத்த புள்ள" என்றார் காத்தவராயன். பஸ்ஸின் கடைசி சீட்டுவரை கேட்கிற குரல். "அவன் புடிச்சாத்தான் தட்டு. இல்லன்னா வேன் கடலூர் போவும்."

செல்வன் வந்து பிடித்தான். தேங்காய், வெற்றிலை, பழம், மஞ்சள். தட்டு கனமாக இருந்தது. மாமனாரின் பக்கம் கொஞ்சம் சாய்ந்தது. அவன் தன் பக்கம் உயர்த்திப் பிடித்தான். நாலு இருபத்தைந்துக்குத் தட்டு மாறியது. சாமிகள் சரணம் சொன்னார்கள். விவசாயிகள் வாழ்க என்றார்கள். இந்த முறை இருவரும் சேர்ந்தே சொன்னார்கள். பிறகு மரியலூர்து ஆட்களோடு கொடியைச் சுருட்டிக்கொண்டு ரோட்டோரம் போனார். போகும்போது ஆளுக்கு ஒரு ஜாங்கிரி. "வடலூர்ல வடை. இங்க ஜாங்கிரி. போராட்டம் முன்னேறுது" என்றார்.

செல்வன் ஓர் ஓரமாகப் போய் உட்கார்ந்தான். காதில் இருந்ததைக் கழற்றிப் பையில் போட்டான். பிறகு என்ன நினைத்தானோ, எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தான்.

பக்கத்தில் ஒரு நாற்காலி இழுபட்டது. செல்லாயி.

"தப்பா நெனச்சுக்காத தம்பி. முன்ன தெரியாம சொல்லிட்டன். இன்சூரன்ஸாமே? என்னா வயசு?"

செல்வன் சொன்னான்.

"கம்மாபுரத்துல எங்க நாத்தனார் வழியில ஒரு பொண்ணு இருக்குது. டீச்சர் ட்ரெயினிங். பேச்சு ஜாஸ்தி இல்ல. உன்ன மாதிரியே."

"வேணாங்க."

"கூச்சப்படுது" என்றது பின்னால் ஒரு குரல். காத்தவராயன் கையில் ஜாங்கிரியோடு நின்றிருந்தார். முகத்தில் அந்தப் பழைய விளக்கு. செல்வனின் மறுபக்கத்து நாற்காலியை அவரும் இழுத்துப் போட்டார். "கம்மாபுரமா? நம்ம ரூட்டுதான். பொண்ணு எந்த ஸ்கூலு?"

செல்வன் எழுந்தான். வாசலுக்குப் போனான். இன்ஸ்பெக்டர் ஜீப்பில் ஏறப் போய்க்கொண்டிருந்தார்.

"சார், ஒரு உதவி."

"சொல்லுங்க."

"ஆறு மணி வரைக்கும் என்னை மட்டும் ஏதாவது ரூம்ல வச்சுப் பூட்ட முடியுமா?"

இன்ஸ்பெக்டர் அவனைப் பார்த்தார். அவனுக்குப் பின்னால் நாற்காலியோடு நகர்ந்து வந்துகொண்டிருந்த செல்லாயியையும், அவளுக்குப் பின்னால் காத்தவராயனையும் பார்த்தார். அவருக்கும் கல்யாணம் ஆகியிருந்தது. மனம் இரங்கத்தான் செய்தது.

"முடியாது தம்பி. காரணம் எழுதணும்."

"நான் சொல்றேன் சார்" என்றான் செல்வன்.

ரைட்டர் சாமி பேனா மூடியைக் கழற்றினார்.